எத்தனை எம்எம் என்பது அப்புறம், எத்தனை அடி?

கேமரா கேள்வி – பதில்

வலசைப் பறவைகள் குளங்களுக்கு வந்துசேர்ந்துவிட்டன என்பதை நான் தபாலைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இந்த மாதம் வந்த கேள்விகளில் முக்கால்வாசி நீண்ட லென்ஸ் பற்றியவை. கோவையில் லென்ஸ் வாடகைக்கு விட்டும், பழையதை வாங்கி விற்றும் பிழைப்பவன் நான், எனவே எனக்கும் இது சீசன்தான். ஆனால் ஒரு குறை. எல்லோரும் கேமராவின் மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை சரியாக எழுதுகிறீர்கள். எங்கே நின்று, எதை, எத்தனை அடி தூரத்திலிருந்து எடுக்கப்போகிறீர்கள் என்பதைப் பலர் எழுதுவதில்லை. அதை எழுதியவர்களுக்குத்தான் இந்த முறை நீளமான பதில்.

கேள்வி: என்னிடம் நிக்கான் டி5600 இருக்கிறது, கூடவே வந்த 70-300 லென்ஸும். நஞ்சராயன் குளத்தில் எடுத்தால் பறவைகள் பொட்டுப் பொட்டாகத்தான் விழுகின்றன. கேமராவை மாற்றி மிரர்லெஸ் வாங்கு என்கிறான் தம்பி. லென்ஸை மாற்றுங்கள் என்கிறார் எங்கள் தெரு ஸ்டூடியோக்காரர். யார் பேச்சைக் கேட்பது? — பள்ளி ஆசிரியை, தாராபுரம்

ஸ்டூடியோக்காரர் பேச்சை, டீச்சர்.

கணக்குப் போட்டே காட்டிவிடுகிறேன். உங்கள் கேமராவின் சென்சார் 23.5 மில்லிமீட்டர் அகலம். 60 அடி தள்ளியிருக்கும் ஒரு கிளையை லென்ஸின் 300 எம்எம்மில் (இந்த எண் கூடக்கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும்) பார்த்தால், குறுக்கே சுமார் 4.7 அடி படத்துக்குள் வரும். வெண்மார்பு மீன்கொத்தி அலகிலிருந்து வால் வரை ஏறக்குறைய 28 செ.மீ., அதாவது ஓர் அடிக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தால் படத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் அது. அதே கிளையை 500 எம்எம்மில் பாருங்கள். 2.8 அடிதான் உள்ளே வரும், மீன்கொத்தி மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொள்ளும். பறவையின் மேல் விழும் பிக்சல்கள் முன்பு இருந்ததைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

சரி, தம்பி சொல்கிறபடி பாடியை, அதாவது லென்ஸ் நீங்கலான கேமராவை, மாற்றினால்? டி5600-இலேயே 24 மெகாபிக்சல் இருக்கிறது. ஆரம்ப விலை மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை) கேமராக்களிலும் 20 முதல் 24 வரைதான். பறவையின் கண்ணைக் கேமராவே தேடிப் பிடிக்கும், அது உண்மையிலேயே பெரிய சௌகரியம். ஆனால் பொட்டு பொட்டாகவே இருக்கும்.

உங்களுக்கு நான் சொல்வது பழைய நிக்கான் 200-500. 2015-இல் வந்த லென்ஸ், ஜூம் முழுக்க எஃப் 5.6 (லென்ஸ் திறப்பின் அளவு, எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம்). மிரர்லெஸ்ஸுக்கு மாறுகிறவர்கள் இதை விற்றுக்கொண்டே இருப்பதால் நல்ல நிலையில் கிடைக்கிறது. நாளைக்கு நீங்களே நிக்கானின் இசட் வரிசைக்குப் போனாலும், அதற்கான அடாப்டரை மாட்டி இதையே ஓட்டலாம். குறை இரண்டு. எடை 2.3 கிலோ. அப்புறம், 200-லிருந்து 500-க்குப் போக ஜூம் வளையத்தை ஒரே திருப்பில் முடிக்க முடியாது, மணிக்கட்டு வளைந்து, கையை எடுத்து மறுபடி பிடிக்க வேண்டியிருக்கும். எடை குறைய வேண்டுமானால் சிக்மாவின் 150-600 கன்டெம்பரரி, 1.93 கிலோ. அதில் ஜூம் வளையம் நிக்கானுக்கு எதிர்த்திசையில் சுற்றும். பழகிவிடும், ஆனால் முதல் வாரம் பறவை பறக்கும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் திருப்பி எரிச்சல் வரும்.

ஒரு எச்சரிக்கை. டி5600-இன் உடம்பில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஏஎஃப்-டி வகை 80-400 எதையாவது வாங்கிவிட்டால் கையால்தான் ஃபோகஸ் செய்யவேண்டும். நிக்கான் லென்ஸ் என்றால் அதன் மேல் ஏஎஃப்-எஸ் என்று இருக்கிறதா பாருங்கள்.

வாங்கிய பிறகு, கழுத்துப் பட்டையைக் கேமராவில் மாட்டித் தொங்கவிடாதீர்கள். இரண்டேகால் கிலோவை அந்தச் சின்ன உடம்பின் மவுண்ட் தாங்குவது நல்லதல்ல. லென்ஸின் அடியில் இருக்கும் காலைப் பிடித்துத் தூக்குங்கள், பட்டையையும் அங்கேயே மாட்டுங்கள்.

கேள்வி: 600 எம்எம் எஃப் 4 உங்களிடம் வாடகைக்குக் கிடைக்குமா? என்னிடம் சோனி ஏ7 மார்க் 4-உம் 200-600 லென்ஸும் இருக்கின்றன. மே மாதம் காபினி போகிறோம். அபூர்வமாகப் போகிற இடம், நல்லதாகவே எடுத்துப்போகலாம் என்று நினைக்கிறேன். — மென்பொருள் ஊழியர், சோழிங்கநல்லூர்

கிடைக்கும். வாடகை போகிறதே என்ற வருத்தத்தோடுதான் சொல்கிறேன் தம்பி, வேண்டாம்.

கோடையில் காபினி நீர்த்தேக்கம் வற்ற வற்ற, கரையில் பச்சைப் புல் முளைக்கும். அதைத் தேடி யானைகள் கூட்டம் கூட்டமாக இறங்கும். ஆனால் காட்டுப் பாதையில் ஜீப் போகும்போது யானை 50 அடியிலேயே நிற்கலாம். அந்தத் தூரத்தில் உங்கள் 200-600-ஐ 200-க்குக் கொண்டுவந்தால்கூட உங்கள் கேமராவின் பெரிய சென்சாரில், அதாவது ஃபுல் ஃப்ரேமில், 9 அடி அகலம், 6 அடி உயரம்தான் அடங்கும். வளர்ந்த கொம்பன் தோள்பட்டை வரையே 9 அடி இருக்கும். முகமும் ஒரு காதும் கிடைக்கும், யானை கிடைக்காது. 600 எஃப் 4-இல் என்ன கிடைக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். இதே 50 அடிக்கு 3 அடி அகலம், 2 அடி உயரம். காபினி போய்விட்டு லென்ஸைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் என்னிடம் ஆசையாகக் காட்டுவது பெரும்பாலும் போனில் எடுத்த யானையைத்தான்.

எஃப் 4-இன் அருமை எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தி மங்கும் நேரத்தில் மரத்தின் மேல் சிறுத்தை படுத்திருக்கிறது என்று வையுங்கள். உங்கள் எஃப் 6.3-இல் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன், கூடினால் படத்தில் மணல் தூவியதுபோல் இரைச்சல் வரும்) 6400 தேவைப்படும் இடத்தில் எஃப் 4-க்கு 2500 போதும். இருந்தாலும் இன்றைய இரைச்சல் நீக்கும் மென்பொருள்கள் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன. பின்னணி கரைவதில் மட்டும் எஃப் 4-க்கு ஈடில்லை, அதை மென்பொருளில் கொண்டுவந்தால் அசிங்கமாக இருக்கும். ஆனால் ஜீப்பில் முன்னும் பின்னும் ஆட்கள் உட்கார்ந்திருக்க, சட்டென்று வலப்பக்கம் திரும்ப வேண்டிய நேரத்தில் மூன்று கிலோ குழாயைச் சுழற்றி, பக்கத்துக்காரர் மூக்கில் படாமல் எடுக்கவேண்டும். படகு சஃபாரி மட்டும் போகிறீர்கள், பட்ட மரத்தின் மேல் விரால் அடிப்பான்தான் குறி என்றால் சொல்லுங்கள், தருகிறேன்.

அந்த வாடகைக் காசில் இரண்டாவது பாடி ஒன்றை எடுத்து, அதில் 70-200 மாட்டிக்கொள்ளுங்கள். மே மாதப் புழுதியில் லென்ஸ் கழற்றி மாட்டுகிற வேலையே வைத்துக்கொள்ளாதீர்கள். பீன் பேக்கைக் காலியாக எடுத்துப்போய், போன இடத்தில் அரிசியோ பயறோ வாங்கி நிரப்புங்கள். ஜீப் கம்பியின் மேல் அதைப் போட்டு லென்ஸைச் சாய்த்தால் ட்ரைபாட் எதற்கு? டிரைவரிடம் முன்னாலேயே பேசி, நிறுத்தியதும் எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். எஞ்சின் உதறலில் நடுக்கத்தைக் குறைக்கும் எவ்வளவு நல்ல ஸ்டெபிலைசரும் திணறும். நிற்கும் விலங்குக்கு 1/500, பறக்கும் பறவைக்கு 1/2000 என்று ஷட்டரை வைத்துவிட்டு ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுங்கள். லென்ஸின் நீளத்தைப் பார்த்துத் தனிக்கட்டணம் வாங்கும் சஃபாரிகள் உண்டு, பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

காட்டுயிர்ப் படக்காரர் மா. கிருஷ்ணன் வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமராவை உருவாக்கி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். கறுப்பு-வெள்ளை ஃபிலிம், ஆட்டோஃபோகஸ் கிடையாது. அவருடைய யானைப் படங்களைத் தேடிப் பார்த்துவிட்டுப் போங்கள். யானையைச் சுற்றிக் காடும் இருக்கும்.

கேள்வி: கேனன் ஆர்7 வாங்கலாமா, கொஞ்சம் கூடப் போட்டு ஆர்6 மார்க் 2 வாங்கலாமா? கூந்தன்குளம் பக்கத்தில்தான். தூத்துக்குடி உப்பளங்களுக்கும் போவேன். — மருந்துக் கடைக்காரர், நாங்குநேரி

இரண்டு இடம் எழுதியிருக்கிறீர்கள், இரண்டுக்கும் விடை வேறு.

கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள் வீட்டு வாசல் மரத்திலேயே கூடு கட்டுகின்றன. ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருக்கும் பறவைகள், மனிதனைக் கண்டு மிரளாதவை. அங்கே தூரம் பிரச்சினையே இல்லை. விடியற்காலை வெளிச்சம்தான் பிரச்சினை, அதற்கு ஆர்6 மார்க் 2 நல்லது. உப்பளத்தில் கதை தலைகீழ். உள்ளான்கள் கைப்பிடி அளவு, நிற்பதோ பாத்தியின் அந்தக் கரையில். ஆர்7-இன் சின்ன சென்சாரில் 32.5 மெகாபிக்சல் அடைத்திருக்கிறார்கள். ஃபுல் ஃப்ரேமான ஆர்6 மார்க் 2-இன் 24 மெகாபிக்சல் படத்தை அதே அளவுக்கு வெட்டினால் மிஞ்சுவது ஒன்பதரைதான்.

எந்தப் பக்கம் அதிகம் போவீர்களோ அதை வாங்குங்கள். எதுவும் தோன்றவில்லையென்றால் ஆர்7, மிச்சக் காசை லென்ஸில் போடலாம். ஆர்7-இல் எலக்ட்ரானிக் ஷட்டரை மட்டும் பறக்கும் பறவைக்குப் பயன்படுத்தாதீர்கள். சென்சாரை மேலிருந்து கீழாக மெதுவாகப் படிப்பதால் இறக்கை ரப்பர் மாதிரி வளைந்து விழும். மெக்கானிக்கலிலேயே நொடிக்கு 15 படம் வருகிறது, போதாதா?

லென்ஸ்: கூந்தன்குளத்துக்கு ஆர்எஃப் 100-400 தாராளம், வெறும் 635 கிராம். உப்பளத்துக்கு, பலரும் மறந்துபோன ஒன்றைச் சொல்கிறேன். 1993-இல் வந்த இஎஃப் 400 எஃப் 5.6. ஒன்றேகால் கிலோ, ஜூம் இல்லை, ஸ்டெபிலைசர் இல்லை. ஸ்டெபிலைசர்தான் ஆர்7-இன் உடம்பிலேயே இருக்கிறதே. அடாப்டர் போட்டு மாட்டிப் பாருங்கள், பறக்கும் பறவைக்கு இந்தக் கிழவன் இன்றைக்கும் சுறுசுறுப்பு.

கேள்வி: டாம்ரான் 150-600-இல் 2எக்ஸ் டெலிகன்வர்ட்டர் போட்டால் 1200 எம்எம் ஆகுமா? — கல்லூரி மாணவர், சேலம்

ஆகும். எஃப் 13-உம் ஆகும். டிஎஸ்எல்ஆர்களில் எஃப் 8-ஐத் தாண்டினால் ஆட்டோஃபோகஸுக்கு உத்தரவாதம் இல்லை. 1.4எக்ஸ் போட்டாலே எஃப் 9 வந்துவிடுகிறது. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் இந்தக் கன்வர்ட்டர் என்பது எஃப் 2.8, எஃப் 4 லென்ஸ் வைத்திருப்பவர்களின் சாமான். அந்தக் காசில் குளத்துக்குப் பத்துத் தடவை பஸ்ஸில் போய்வரலாம்.

கேள்வி: பழைய 150-600 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பார்த்து வாங்குவது எப்படி? — வங்கி ஊழியர், தஞ்சாவூர்

பகலில் போங்கள், உங்கள் கேமராவை எடுத்துக்கொண்டு போங்கள்.

முதலில் கண்ணாடியைப் பார்க்காதீர்கள், திருகாணியைப் பாருங்கள். பின்பக்க உலோக வளையத்தில் இருக்கும் திருகாணிகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். எதற்குத் திறந்தார்கள் என்று கேளுங்கள், ரசீது இருந்தால் பிரச்சினையில்லை. முன்பக்கம் ஃபில்டர் மாட்டும் மரையை விரலால் ஒரு சுற்றுத் தடவுங்கள். பெரும்பாலும் 95 எம்எம் வளையம் அது, கீழே விழுந்த லென்ஸ் என்றால் எங்காவது ஓரிடத்தில் நெளிந்திருக்கும்.

அடுத்து, இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கமாகப் போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். நாலைந்து தூசித் துகள் தெரிந்தால் கவலை வேண்டாம், படத்தில் வராது, விலையைக் குறைக்க உதவும். சிலந்தி நூல்போல கிளை பிரிந்து பரவியிருந்தால் அது பூஞ்சை. அதற்கு விலையே பேசாதீர்கள், எழுந்து வந்துவிடுங்கள்.

இந்த வகை லென்ஸ்கள் ஜூம் செய்யும்போது நீள்பவை, நீளும்போதெல்லாம் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். ஜூம் வளையத்தைக் காதருகே வைத்து மெதுவாகத் திருப்புங்கள். நறநறவென்றால் கடற்கரை பார்த்த லென்ஸ். முழுக்க நீட்டி, முன் குழாயைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள், சிறிது ஆடும். கடகடவென்று ஆடக்கூடாது.

கடைசியாகச் செங்கல் சுவர் ஒன்றுக்கு நேராக நின்று, 600 எம்எம்மில், முழுத் திறப்பில் எடுங்கள். பெரிதாக்கி இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே அளவு மங்கல் என்றால் அது லென்ஸின் சுபாவம். ஒன்று தெளிவு, ஒன்று மங்கல் என்றால், நீங்கள் கோணலாக நிற்கவில்லை என்று உறுதிசெய்ய மறுபடி ஒன்று எடுத்துப் பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் உள்ளே ஒரு கண்ணாடி நகர்ந்திருக்கிறது.

கேள்வி: இரவில் ஆந்தை எடுக்க எந்த ஃப்ளாஷ் வாங்கலாம்? — பெயர் வேண்டாம், திண்டுக்கல்

வேண்டாம் சார். இருட்டில் வேட்டையாடும் பறவையின் கண்ணில் அதை அடித்து என்ன ஆகப்போகிறது? புள்ளி ஆந்தை காலை வெயிலில் பொந்து வாசலிலேயே வந்து உட்காரும், ஊருக்குள் பழைய மரங்களிலேயே இருக்கும். தள்ளி நின்று, இருக்கிற லென்ஸில் எடுங்கள். காசு மிச்சம்.

கேள்வி: கோடியக்கரையில் வெளிமான் எடுத்தேன். சிக்மா 150-600, நிக்கான் டி7500. ஒரு படமும் கூர்மையாக இல்லை. ஷட்டர் 1/1600 வைத்தும் இப்படி. லென்ஸில் கோளாறா? காலை பத்தரை மணி, மான் ஐந்நூறு அடி தூரம் இருக்கும். — உப்பு வியாபாரி, வேதாரண்யம்

நேரமும் தூரமும் எழுதினீர்களே, அதற்காகவே உங்களுக்கு ஒரு கும்பிடு. லென்ஸில் கோளாறு இல்லை, காற்றில்.

வெயில் ஏறியதும் வெட்டவெளித் தரை சூடாகி, அதன் மேல் காற்று அலைகிறது. உப்பளத்து ஆளுக்குக் கானலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வெறும் கண்ணுக்கு அடிவானத்தில் தெரிகிற அந்த நடுக்கத்தை 600 எம்எம் பெரிதாக்கிக் காட்டுகிறது. ஐந்நூறு அடிக் கானலுக்குள்ளே பார்த்தால் எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய லென்ஸும் அப்படித்தான். ஷட்டரைக் கூட்டினாலும் பலனில்லை, நடுங்குவது உங்கள் கை அல்ல. படங்களை வரிசையாகப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒன்றில் கொம்பு நெளிந்திருக்கும், அடுத்ததில் கால் நெளிந்திருக்கும். ஃபோகஸ் தவறினால் அப்படி வராது.

சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள், நூற்றைம்பது அடிக்குள் எடுங்கள். டி7500-இல் 600 எம்எம்முக்கு அந்தத் தூரத்தில் ஆறடி அகலம் விழும், வெளிமானுக்குச் சரியான சட்டம். முன்னால் யூவி ஃபில்டர் மாட்டியிருக்கிறீர்களா? மலிவான ஃபில்டர் என்றால் கழற்றிவிடுங்கள், நீண்ட லென்ஸில் அதுவே பாதிக் கூர்மையைத் தின்றுவிடும். சந்தேகம் தீரவில்லையென்றால் விடியற்காலையில் வீட்டுச் சுவரில் செய்தித்தாளை ஒட்டி ஐம்பது அடியிலிருந்து எடுத்துப் பாருங்கள். எழுத்து படிக்க வந்தால் லென்ஸ் நன்றாக இருக்கிறது.

கேள்வி: வயது 68. சுசீந்திரம், தேரூர் குளங்கள் வீட்டிலிருந்து பக்கம். இரண்டு கிலோ தூக்கத் தோள் இடம் தராது. என் போன்றவர்களுக்கு ஏதாவது உண்டா? — ஓய்வுபெற்ற தலைமைக் காவலர், நாகர்கோவில்

உண்டு ஐயா. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் இடம்பிடித்த குளத்தை வாசலில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கக்கூடாது.

நிக்கான் பி950-ஐ உங்களுக்கு யாராவது கட்டாயம் சிபாரிசு செய்திருப்பார்கள். ஒரு கிலோவில் 2000 எம்எம்முக்குச் சமமான ஜூம், உண்மைதான். ஆனால் சென்சார் விரல் நகத்தைவிடச் சிறியது. நல்ல வெயிலில் அடையாளம் காண உதவும், மேகமூட்டத்தில் படம் மாவாகக் குழைந்துவிடும். நான் சொல்வது கேனன் ஆர்10 பாடியும், மேலே சொன்ன ஆர்எஃப் 100-400 லென்ஸும். பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து ஒரு கிலோவுக்குச் சற்று மேல். ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 640 எம்எம் வரை வரும். 400-இல் எஃப் 8 என்பதால் சூரியன் கொஞ்சம் ஏறிய பிறகு போங்கள், ஏழு மணிக்கு முன் அவசரமே வேண்டாம். லென்ஸே மாற்ற விருப்பமில்லையென்றால் பழைய சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 தேடுங்கள். 1.1 கிலோ, 24-லிருந்து 600 வரை ஒரே லென்ஸ், நீண்ட முனையிலும் எஃப் 4. இப்போது பழையதற்கே கிராக்கி என்பதால் விலை பேச முடியாது.

இரண்டுக்குமே ஒற்றைக்கால் ஸ்டாண்ட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், வரப்பில் நடக்கும்போது கைத்தடியாகவும் உதவும். ரப்பர் முனை தேய்ந்துவிட்டால் புதிதாக வாங்க அலையாதீர்கள். மெடிக்கல் கடையில் ஊன்றுகோலுக்கு விற்பதே பொருந்தும், அளவுக்கு ஸ்டாண்டைக் கையோடு எடுத்துப்போங்கள்.